கிசான் பணம் யார் கணக்கில் ஏறுகிறது?

மத்திய அரசு விவசாயிகளுக்குக் கொடுக்கிற பிஎம் கிசான் பணத்தின் தவணை ஏறும்போதெல்லாம் இங்கே ஒரு சண்டை நடக்கிறது. இலவசம் என்று ஒரு கூட்டம், 2,000 ரூபாயில் என்ன ஆகும் என்று இன்னொரு கூட்டம். டெல்டாவில் அந்தப் பணம் பட்டாவைத் தேடிப் போகிறது, வயலில் இறங்குகிற ஆளைத் தேடிப் போவதில்லை. அதைப் பற்றித்தான் பேச ஆளில்லை.

2019 பிப்ரவரியில் திட்டம் தொடங்கியபோது 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள். தேர்தல் முடிந்ததும் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். வருமான வரி கட்டுகிறவர், 10,000 ரூபாயோ அதற்கு மேலோ பென்ஷன் வாங்குகிறவர் என்று சிலருக்குக் கிடையாது. மற்றபடி நிலம் உங்கள் பெயரில் இருந்தால் வருடத்துக்கு 6,000. குத்தகைக்காரருக்கு அதில் இடமே இல்லை.

திருவாரூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் பன்னிரண்டு மா, அதாவது சுமார் நாலு ஏக்கர், குத்தகைக்குப் பார்க்கிறார். விதை, உரம், நடவுக்கூலி, களைக்கூலி, அறுவடைக்குப் பெல்ட் வண்டி வாடகை எல்லாம் அவர் கைக்காசு. மழையில் பயிர் சாய்ந்தாலும், மாவுக்கு இத்தனை மூட்டை என்று பேசியதை அளந்துவிட வேண்டும். நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார். தவணை எஸ்எம்எஸ் அவர் போனுக்குத்தான் வரும். அவரைக் குறை சொல்லவும் முடியாது, விதிப்படி வாங்குகிறார்.

கோயில் நிலத்தில் கூத்து இன்னும் பெரிது. தமிழ்நாட்டில் கோயில்களுக்குச் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் என்கிறார்கள். நிறுவனங்களின் நிலத்துக்கு இந்தப் பணம் கிடையாது, ஆகவே கோயிலுக்கு வராது. குத்தகைக்காரருக்குப் பட்டா இல்லை, அவருக்கும் வராது. மூன்று தலைமுறையாக உழுகிற வயலாக இருந்தாலும், அரசுக் கணக்கில் அங்கே விவசாயியே கிடையாது!

இதற்கு நடுவில் 2020 முறைகேடு. அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் புரோக்கர்கள் கையில் வைத்துக்கொண்டு, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கமெல்லாம் ஆட்களைச் சேர்த்தார்கள். மாநிலம் முழுக்கத் தகுதியில்லாத ஐந்தரை லட்சம் பேர், 110 கோடி ரூபாய் என்று அரசே சொன்னது. சிபிசிஐடி வந்தது, பணத்தைத் திரும்பப் பிடித்தார்கள். அப்புறம் ஆதாரை வைத்து ஆளைச் சரிபார்க்கும் இகேஒய்சி, இப்போது விவசாயிகளுக்குத் தனி அடையாள எண். பட்டியலில் இருப்பவர் அசல்தானா என்று பார்க்க இத்தனை ஏற்பாடு. பட்டியலுக்கு வெளியே நிற்கிற அசல் விவசாயிக்கு ஒன்றுமில்லை.

செய்ய முடியாத காரியமா என்றால், இல்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய நம்மிடம் 1969லிருந்தே சட்டம் இருக்கிறது. பதிவானால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று உரிமையாளர் பயப்படுவார், அடுத்த போகம் குத்தகை கிடைக்காது என்று குத்தகைக்காரர் பயப்படுவார். அதனால் எல்லாம் வாய்ப்பேச்சோடு நிற்கிறது. ஆனால் அதே குத்தகைக்காரர் விஏஓவிடம் அடங்கல், அதாவது வயலில் என்ன பயிர் என்ற சான்று, வாங்கிப் பயிர்க் காப்பீடு செய்ய முடிகிறதே? ஒடிசாவில் மாநில அரசே விவசாயிகளுக்குப் பணம் கொடுத்த காலியா திட்டத்தில் குத்தகைக்காரர்களையும் சேர்த்துத்தானே கொடுத்தார்கள்?

தனியார் நிலம் சிக்கல் என்றால் சரி, கோயில் நிலத்திலிருந்து தொடங்கட்டும். அங்கே மறைத்து வைக்க எந்த உரிமையாளரும் இல்லை. யார் எவ்வளவு குத்தகை கட்டுகிறார் என்ற கணக்கு அறநிலையத் துறையிடம் இருக்கிறது. மத்திய அரசு மாட்டேன் என்றால் மாநில அரசே அந்த 6,000 ரூபாயைக் கொடுக்கட்டும், இந்தச் சம்பாவிலிருந்தே.