பெய் பா கோ குடித்தால் காசநோய் குணமாகுமா?

"ஏழு நாள் பெய் பா கோ குடித்தால் ஆஸ்துமா, காசநோய், நாள்பட்ட இருமல் எல்லாம் போய்விடும். பக்கவிளைவே இல்லை, கைக்குழந்தைக்கும் கொடுக்கலாம்." மலேசிய வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

பெய் பா கோ என்பது லோகாட் என்ற பழமரத்தின் இலை, சுவான் பெய் என்ற மூலிகைக் கிழங்கு, தேன் சேர்ந்த சீன இருமல் பாகு. கரண்டியில் சாய்த்தால் கறுப்பாக, கெட்டியாக மெல்ல இறங்கும். தொண்டையில் புதினாக் குளிர்ச்சி தங்கும். கரகரப்புக்கு இதமாக இருக்கும், சரி. ஆனால் அது காசநோய்க் கிருமியைக் கொல்லாது. அதற்குப் பல மாதங்கள் மருந்து சாப்பிட வேண்டும்.

கைக்குழந்தை விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது. பொட்டுலிசம் என்ற கடும் நச்சுப் பாதிப்பு வரலாம். சர்க்கரை நோயாளிகளும் கவனிக்க வேண்டும், பாகில் இனிப்பு அதிகம்.

பெரியவர்களுக்கு எட்டு வாரம் தாண்டினால்தான் நாள்பட்ட இருமல் என்பார்கள். ஆஸ்துமா, நெஞ்செரிச்சல், ஏன், 'ப்ரில்' என்று பெயர் முடியும் ரத்த அழுத்த மாத்திரைகூடக் காரணமாகலாம். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலே அரசு கிளினிக்கில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

பாட்டிலில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கும் மருந்துப் பதிவு எண் இருக்கும். சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ (NPRA) இணையதளத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம். பதிவு இருப்பதால் மட்டும் காசநோய் குணமாகும் என்று அர்த்தமில்லை.

இந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் பொறுமையாகச் சொல்லுங்கள்.