கர்மா கணக்குப்பிள்ளைகள்

ஊரில் யாருக்கு என்ன நடந்தாலும் "எல்லாம் கர்மா சார்" என்று தீர்ப்பு எழுத ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வியாபாரம் நொடித்தால் கர்மா. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு விவாகரத்தா, அதுவும் கர்மா. இவர்கள் வண்டி வேலூர் சத்துவாச்சாரியில் சறுக்கினால் மட்டும் கண் திருஷ்டி! உடனே பூசணிக்காய், ஜலகண்டேஸ்வரருக்கு அர்ச்சனை.

பாகாயம் பஸ்ஸில் மொட்டைத்தலையோடு ஒரு பெங்காலிச் சிறுவன் அப்பா மடியில் தூங்குகிறான். மடியில் ஸ்கேன் கவர் வேறு. பின்சீட்டு அம்மா உச்சுக்கொட்டிவிட்டு, "போன ஜென்மத்துல என்ன பண்ணுச்சோ" என்கிறார். ஏம்மா, சின்னப் பிள்ளை மேலேயுமா வழக்கு? வைத்தியத்துக்காக அவ்வளவு தூரம் ரயிலேறி வந்தவர்களுக்கு நாம் கொடுக்கிற வரவேற்பு இதுதானா? நல்லவேளை, அந்த அப்பாவுக்குத் தமிழ் தெரியாது.

தொழுநோயையும் இப்படித்தான் முன்வினை என்று ஒதுக்கினார்கள். நார்வே டாக்டர் ஹான்சன் 1873-லேயே அதன் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். இதே வேலூரில் 1940களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட், மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தத் தொடங்கினார். பூர்வஜென்ம ஃபைலைக் கொண்டுவா என்றா கேட்டார்?

சரி, உதவியாவது செய்வார்களா? "அவன் அனுபவிச்சுத்தான் தீரணும், நாம குறுக்கே போகக் கூடாது." அப்புறம் உங்களுக்குப் பல்வலி வந்தால் மட்டும் ஏன் சார் டாக்டரிடம் ஓடுகிறீர்கள்? அனுபவிக்க வேண்டியதுதானே?