காற்று கூடாமல் பவர் கூடாது

ஒரு ஸ்விஃப்ட் காரின் பவரை 120 பிஎஸ்ஸுக்கு (குதிரைசக்தி) ஏற்றிவிட்டதாகச் சொல்கிற அந்த சத்துவாச்சாரி வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். கமெண்ட்டில் நான் கேட்டது ஒரே கேள்வி: "120 பிஎஸ் எந்த ஆர்பிஎம்மில் வந்தது?" அதாவது, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது என்று. அதற்குப் பதில் வரவில்லை. "அண்ணனுக்கு வயிற்றெரிச்சல்" என்று வந்தது. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு. சரி, எழுதிவிடுகிறேன்.

ஏர் ஃபில்டர், சைலன்சர், ரிமேப் (லேப்டாப்பை மாட்டி இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது). இந்த மூன்றை மட்டும் மாற்றி, டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினை 83 பிஎஸ்ஸிலிருந்து 120க்கு ஏற்றிவிட்டார்களாம். நடக்காது. பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளியில் இருக்கிற காற்றழுத்தம் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு காற்றுதான் சிலிண்டருக்குள் போகும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். ஆனால் 1 கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அதை எந்த லேப்டாப்பாலும் உள்ளே அனுப்ப முடியாது. காற்று கூடாமல் பவர் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டார்க்கை (இன்ஜினின் முறுக்கு விசை) ஆர்பிஎம்மால் பெருக்கி 7024ஆல் வகுத்தால் பிஎஸ். 2018 ஸ்விஃப்ட் 6000 ஆர்பிஎம்மில் 83 பிஎஸ் தருகிறது என்றால், அந்த இடத்தில் டார்க் 97 நியூட்டன் மீட்டர். அதே 6000இல் 120 வேண்டுமானால் டார்க் 140 வர வேண்டும், லிட்டருக்கு 117. ஹோண்டா எஸ்2000 என்று 1999இல் ஒரு கார் வந்தது. டர்போ இல்லாமல் 2 லிட்டரில் 250 பிஎஸ். ஜப்பான் மாடலுக்கு கம்ப்ரஷன் (உள்ளே வந்த காற்றை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்பது) 11.7, உச்ச டார்க் 7500 ஆர்பிஎம்மில் 218. அதாவது லிட்டருக்கு 109. ஹோண்டா ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கென்றே உட்கார்ந்து செய்த இன்ஜினை, நம் ஊரில் ஒரு ஃபில்டரும் பைப்பும் தாண்டிவிட்டன என்று நான் நம்ப வேண்டுமா?

"ஆர்பிஎம்மை ஏத்தினா வரும்" என்பீர்கள். வரும். 8000 ஆர்பிஎம்மில் 105 டார்க் கிடைத்தால் 120 பிஎஸ்தான். ஆனால் கம்பெனி கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) அந்த வேகத்தில் மூச்சு விடாது. கேம் மாற்றணும், வால்வு ஸ்பிரிங் மாற்றணும், ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடி) காற்று போகும் போர்ட்டில் வேலை செய்யணும். 6000இலிருந்து 8000 போனால் பிஸ்டனை இழுக்கும் கனெக்டிங் ராட் போல்ட்டில் விழுகிற இழுவை 1.78 மடங்கு, அதனால் ராடும் போல்ட்டும் மாற்றணும். அதெல்லாம் முடித்த பிறகு ஐட்லிங் துடிக்கும், பிரேக்குக்கு உதவும் வேக்கம் (இன்ஜினின் உறிஞ்சுதல்) குறைந்து பிரேக் பெடல் கட்டையாகும், 2500க்குக் கீழே இழுவை செத்துப்போகும். காட்பாடி மேம்பாலத்தில் நெரிசலில் ஏறும்போது கிளட்ச் நாறும். ரேஸ்காரர்கள் செய்கிறார்களே என்றால், அவர்கள் அடிக்கடி இன்ஜினை இறக்கிப் பிரித்துப் பார்க்கிறார்கள். நீங்கள் அதிலேயே தினம் வேலைக்குப் போக வேண்டும்.

ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவி கம்ப்ரஷனை ஏற்றினால் போதும் என்கிறவர்களுக்கு: இந்த இன்ஜினில் போர் (சிலிண்டரின் அகலம்) 73 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 71.5. கம்ப்ரஷன் 11 என்று வைத்துக்கொண்டால் பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் ஒரு சிலிண்டரில் மேலே மிச்சம் 30 சிசி இடம். அரை மிமீ எடுத்தால் அதிகபட்சம் 2 சிசி குறையும், கம்ப்ரஷன் 11.75 ஆகும். கிடைப்பது ஒன்றரை சதவீதம், ஒரு பிஎஸ்ஸுக்குக் கொஞ்சம் மேலே. கூடவே நாக்கிங் (பெட்ரோல் தானாகவே வெடித்துத் தட்டுவது) வரும், கேம் டைமிங்கும் லேசாகத் தள்ளிப்போகும். சிலிண்டரை அரை மிமீ அகலமாகக் குடைந்து ரீபோர் செய்தால் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து 16 சிசி கூடும், அதுவும் ஒரு பிஎஸ்தான்.

அப்புறம் நம் வெயில். போன மே மாதம் குடியாத்தத்திலிருந்து ஒரு வண்டி "பிக்கப் இல்லை" என்று ஷெட்டுக்கு வந்தது. பானட்டுக்குள் பாக்ஸ் இல்லாத திறந்த கோன் ஃபில்டர். ஸ்கேனர் மாட்டினால் உள்ளே போகிற காற்று 64 டிகிரி. 25 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் பதினொன்றரை சதவீதம் நீர்த்த காற்று அது. பழைய பாக்ஸையும் முன்பக்கக் குழாயையும் மாட்டி ஓட்டினோம், 47க்கு இறங்கியது. சத்தம் போனதில் பையனுக்கு வருத்தம், ஆனால் வண்டி இழுத்தது. ஏலகிரிக்கு ஏறினாலும் இதே கதைதான். 1100 மீட்டர் உயரத்தில் காற்று பத்து சதவீதம் குறைவு. நல்ல 4-2-1 ஹெடர் (நாலு புகைக்குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகும் பைப்), குளிர்ந்த காற்று வரும் வழி, ஒழுங்கான ரிமேப் எல்லாம் சேர்ந்து தருகிற ஆறேழு பிஎஸ், பதினாலாவது கொண்டை ஊசி வளைவுக்குள் கரைந்துவிடும்.

ஆமாம், ஆறேழுதான். அதை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அதை 37 என்று சொல்லி விற்காதீர்கள் என்கிறேன்.

"டைனோ ஷீட் இருக்கே" என்பீர்கள், பவர் அளக்கும் இயந்திரம் தந்த காகிதம். வெயிலுக்கும் உயரத்துக்கும் ஏற்ப அளவைத் திருத்த எந்தக் கரெக்‌ஷன், வெப்பநிலை சென்சார் எங்கே இருந்தது, வீலில் அளந்ததா அல்லது இழப்பை உத்தேசமாகக் கூட்டியதா, முன்னும் பின்னும் ஒரே நாளா? ஒன்றும் ஷீட்டில் இல்லை. "ஓட்டினாலே தெரியுது" என்றால், ரிமேப்பில் பாதிப் பெடலுக்கே த்ராட்டில் (காற்று உள்ளே போகும் கதவு) முழுசாகத் திறக்கும்படி வைத்தால் யாருக்கும் அப்படித்தான் தெரியும். பெடலை முழுசாக மிதித்து, மூன்றாவது கியரில் 60லிருந்து 100 வரை நேரம் எடுங்கள். ஒரே சாலையில், போகும்போதும் வரும்போதும்.

எனக்கு வயிறு எரிகிறதுதான். ஸ்பார்க் முன்கூட்டியே வரும்படி இக்னிஷனை அளவுக்கு மேல் அட்வான்ஸ் செய்து, நாக்கிங்கில் பிஸ்டனின் ரிங் லேண்ட் (ரிங் உட்காரும் விளிம்பு) உடைந்து வருகிற வண்டிகளை இறக்கிப் பார்க்கிறவன் நான். வீட்டு நகையை வைத்துப் பணம் கட்டிய பையன், "அண்ணே, அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்று நிற்பதைப் பார்த்தவர்கள் சிரிப்பு பொம்மை போட மாட்டார்கள்.

ஹெடர் போடலாமா என்று இன்பாக்ஸில் கேட்ட தம்பிக்கு: முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் எடு. நாலு சிலிண்டருக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருக்கணும். ஒன்று குறைந்தால் அதில் பத்துச் சொட்டு ஆயில் விட்டு மறுபடி பார். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். பிளக், பிரேக் ஃப்ளூயிட், டயர் மூன்றையும் பார்த்துவிட்டு வா. ஹெடரைப் பற்றி அப்புறம் பேசலாம்.