சிங்கம் மொஹிங்கா சாப்பிட்டால் என்ன?

நேற்று நம் ரங்கூன் கோயில் தமிழ் வகுப்பின் ஆண்டு விழாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்த்தீர்கள், யார் என்ன என்று மறுபடி சொல்லப்போவதில்லை. சிறுவர் கதைப் போட்டியில் முதல் பரிசு பாட்டி வடை சுட்ட கதைக்கு. ஒரு சொல் மாறாமல் மனப்பாடமாக எழுதிய கதைக்கு! சொந்தமாக எழுதிய பிள்ளைக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை.

அவள் எழுதியது இதுதான். பகோடா என்கிற புத்தக் கோயிலின் வாசலில் காவலுக்கு இரண்டு சிந்தே, அதாவது சிங்கச் சிலைகள். உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்றுக்குக் கால் மரத்துவிட்டது. விடியுமுன் நைசாக இறங்கிப் போய் மொஹிங்கா, அதுதான் இங்கே காலையில் சாப்பிடும் நூடுல்ஸ் சூப், சாப்பிடுகிறது. காசில்லை. கடைக்கார அம்மா கிண்ணம் கழுவ வைத்துவிடுகிறாள். இங்கே மற்ற சிங்கம் வருகிறவர்களிடமெல்லாம் "தம்பி இன்னைக்கு லீவு" என்கிறது.

எட்டு வயதுப் பிள்ளை!

நடுவர் சொன்ன காரணம்? நீதி இல்லையாம். பர்மியச் சொல் கலந்திருக்கிறதாம். அப்புறம், மொஹிங்காவில் மீன் இருக்கிறதாம், கோயில் மேடையில் வாசிக்கக் கூடாதாம். ஐயா, அது சிங்கம் ஐயா! ரங்கூன் பிள்ளை வேறு எதை எழுதும்? நீங்களும் காலையில் அதைத்தானே சாப்பிட்டீர்கள்?

கதை எழுதப் பழக்கும்போது பிள்ளை முதலில் வாயால் சொல்லட்டும். நாம் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டால் போதும். எழுத வராவிட்டால் படம் வரையட்டும், சொல்லச் சொல்ல நாம் எழுதிக் கொடுக்கலாம். லகர ளகரத்தைப் பிறகு திருத்தலாம். முதல் வரியிலேயே சிவப்புப் பேனாவை எடுத்தால், அடுத்த முறை பிழை வராத சொற்களை மட்டும் தேடி எழுதும். கதை போய்விடும்.

கரண்ட் போன இரவுகளில் என் அப்பத்தா சொல்லும் நரி ஒருநாள் ரயிலில் வரும், மறுநாள் சைக்காரில், அதாவது சைக்கிள் ரிக்ஷாவில் வரும். ஒரு நீதியும் கிடையாது. பாதியில் அப்பத்தா தூங்கிவிடும், மீதியை நாங்களே சண்டை போட்டு முடிப்போம்.

"பிழைக்குப் பரிசா?" என்பீர்கள். கற்பனைக்குத்தான் கேட்கிறேன். "உன் வகுப்புப் பிள்ளை, அதான் பேசுகிறாய்." ஆமாம், என் வகுப்புதான். அதற்கென்ன?

1960களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது நம் தமிழ்ப் பள்ளிகளும் போயின. மிஞ்சியது இந்தக் கோயில் வகுப்புதான். பள்ளியில் பர்மிய எழுத்து, ஆங்கில எழுத்து, அதற்கு மேல் நம்முடைய 247. இத்தனையையும் தாண்டி ஒரு பிள்ளை தமிழில் கற்பனை செய்கிறது. நாம் மீனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். சம்பளம் கேட்டேனா? சாக்பீஸ்கூட என் காசு. மேடையில் ஆசிரியர் பெயரைச் சொல்லவில்லை, அது கிடக்கட்டும்.

இன்று காலை அவளுடைய அம்மா போன் செய்தார். அடுத்த வருடம் எந்தக் கதையை மனப்பாடம் பண்ண வைக்கலாம் என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல? நடுவரே சொல்லுங்கள்.