21 மணி நேரத்துக்குப் பெயர் ஒரு நாளா?

இரண்டு நாள் மதுரைப் பயணம் முடிந்து வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

சனி, ஞாயிறு இரண்டே நாள். மீனாட்சி அம்மனை என் அம்மா பார்த்துப் பத்து வருடம் ஆகிவிட்டது. மகள் பார்த்ததே இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, கீழ்ப் படுக்கை வேண்டும் என்பதற்காக 60 நாள் முன்பே முன்பதிவு திறந்த காலையிலேயே பாண்டியன் ரயிலில் டிக்கெட் எடுத்தோம். விடுதிக்கும் முழுப் பணத்தையும் முன்னதாகவே கட்டினோம். ஒரு நாளைக்கு 3,200 ரூபாய், வரி தனி.

வெள்ளி இரவு எழும்பூரில் ஏறி, விடிந்தும் விடியாமலும் மதுரையில் இறங்கினோம். ஆறு மணிக்கு விடுதி வரவேற்பறையில் நிற்கிறோம். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் கணினியைப் பார்த்துவிட்டு, “செக்-இன் மதியம் இரண்டு மணிக்குத்தான், மேடம்” என்றார். எட்டு மணி நேரம்! அறைகள் காலி இல்லையோ என்று கேட்டேன். அதற்கு வந்த பதில்தான் என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம். “அரை நாள் வாடகை 1,600 கட்டினால் இப்போதே சாவி தருகிறேன்.”

அப்படியானால் அறை காலியாகத்தான் இருக்கிறது. பெருக்கித் துடைத்து, விரிப்பு மாற்றித் தயாராகவே இருக்கிறது. முந்தைய விருந்தாளி கிளம்ப வேண்டும், சுத்தம் செய்ய நேரம் வேண்டும் என்றால் அது நியாயம், காத்திருப்பேன். பூட்டிக் கிடக்கும் அறைக்கு வெளியே எழுபத்திரண்டு வயது அம்மாவையும் தூக்கக் கலக்கத்தில் நிற்கும் ஆறு வயதுக் குழந்தையையும் நிறுத்திவைத்து, அவர்கள் களைப்புக்கு விலை பேசுவதை என்னவென்று சொல்வது?

சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் ரயில்கள் எப்போது ஊர் போய்ச் சேர்கின்றன என்பது இந்த விடுதிக்காரர்களுக்குத் தெரியாதா? பாண்டியன் மதுரைக்கு, மலைக்கோட்டை திருச்சிக்கு, சேரன் கோவைக்கு, நெல்லை திருநெல்வேலிக்கு, எல்லாமே விடிகாலையில்தான். குடும்பத்தோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த நேரத்தில்தான் பெட்டியோடு வந்து நிற்பார்கள். தெரிந்துதான் இரண்டு மணி என்று வைத்திருக்கிறார்கள். அப்பா காலத்து லாட்ஜுகளில் சாவி வாங்கிய நேரத்தைப் பேரேட்டில் எழுதுவார்கள், அதிலிருந்து 24 மணி நேரம் அறை நம்முடையது. காலை ஆறுக்கு வந்தால் மறுநாள் காலை ஆறு. யாருக்கும் நஷ்டமில்லாத கணக்கு அது.

அம்மா அரை நாள் வாடகையைக் கட்டவே விடவில்லை. ஒரு குளியலுக்கு 1,600 ரூபாயா என்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். குளிக்காமல் கோயில் வாசலை மிதிக்கவும் மாட்டார். கடைசியில் ஒரு கட்டணக் குளியலறையைத் தேடிப் பிடித்தோம். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. நான் வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க, உள்ளே அம்மா ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி மறு கையால் குவளையில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டார். தரையெல்லாம் ஈரம். கோயிலுக்கென்று எடுத்து வைத்திருந்த அரக்குப் புடவையின் கரையில் சேறு. அதை வெளியே வந்து கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று இரவு வாடகையைச் சேர்த்துக் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

மூவரும் மாறி மாறிக் குளித்து, குழந்தைக்கு இட்லி ஊட்டி, கோயிலுக்குப் போகும்போது மணி பத்தரை. கைபேசியைக் கொடுத்துச் சீட்டு வாங்க ஒரு வரிசை, செருப்புக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று. சனிக்கிழமைக் கூட்டம் வேறு. அம்மன் தரிசனம் கிடைத்துவிட்டது. முக்குறுணிப் பிள்ளையாரைக் கும்பிட்டுச் சுவாமி சந்நிதிக்குப் போவதற்குள் பன்னிரண்டரை, நடை சாத்திவிட்டார்கள். இனி மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். சொக்கநாதரைப் பார்க்காமல் அம்மா திரும்பி நடந்தார். ஆறு மணிக்குச் சாவி கிடைத்திருந்தால் ஏழரைக்கெல்லாம் சந்நிதியில் இருந்திருப்போம்.

ஞாயிறு அதைவிட மோசம். காலை பதினொன்றுக்குச் செக்-அவுட். பத்தே முக்காலுக்கே தொலைபேசி அலறுகிறது. எங்கள் ரயிலோ இரவு ஒன்பது மணிக்கு மேல். காந்தி 1921-ல் அரை ஆடைக்கு மாறிய மேலமாசி வீதி வீட்டையும், தமுக்கம் பக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கும் காந்தி அருங்காட்சியகத்தையும் மகளுக்குக் காட்ட வேண்டும் என்று திட்டம். இரண்டும் நடக்கவில்லை. மதியம் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்க இடமில்லாத அம்மாவை எங்கெங்கே அலைக்கழிப்பது? 1636-ல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலில், பெரிய தூண் ஒன்றின் நிழலில் அம்மா உட்கார்ந்துவிட்டார். அங்கேயே சாயங்காலம் வரை இருந்தோம். அதன்பின் ரயில் நிலையக் காத்திருப்பு அறையின் இரும்பு நாற்காலி.

மதுரையில் நாங்கள் இருந்தது ஏறக்குறைய 40 மணி நேரம். அறை எங்களுடையதாக இருந்தது 21 மணி நேரம். காசு வாங்கியது ஒரு முழு நாளுக்கு.

விதிமுறையில் போட்டிருக்கிறோமே என்கிறார்கள். போட்டிருக்கிறார்கள், ஆங்கிலத்தில், வாடகைக்குக் கீழே, இன்னொரு பக்கத்தைத் திறந்தால் மட்டும் தெரியும்படி. வாடகையை எந்த அளவு எழுத்தில் போடுகிறீர்களோ அதே அளவில், அதற்குப் பக்கத்திலேயே, தமிழில் போடுங்கள்: “3,200 ரூபாய், 21 மணி நேரத்துக்கு” என்று. காலியாக இருக்கும் அறையை, விடிகாலையில் வந்து நிற்கும் வயதானவர்களுக்கு அபராதம் போடாமல் திறந்துவிடுங்கள். அம்மாவை மறுபடியும் மதுரைக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. சொக்கநாதர் பாக்கி இருக்கிறார்.