மறுபடி அந்தப் புருஷனோடு சேர்த்து வைக்காதீர்கள்

குடும்ப நாவல் எழுதுகிறவர்களிடம் ஒரு வாசகியாக எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கல்யாணம் முறிந்துபோன பெண்ணைக் கதாநாயகியாக வைத்தால், கடைசி அத்தியாயத்தில் அவளை அதே புருஷனிடம் கொண்டுபோய் விடாதீர்கள்.

தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். வாடகை நூலகத்தில் மாத நாவல் எடுத்துப் படித்த காலத்திலிருந்து, மெட்ரோவில் உட்கார்ந்து போனில் படிக்கிற இந்தக் காலம் வரைக்கும் எனக்குக் காதல் கதை என்றால் உயிர். அதனால்தான் இவ்வளவு ஆதங்கம். இந்தக் கதைகளில் புருஷன் கை நீட்டியிருப்பான், சந்தேகப்பட்டிருப்பான், அம்மா பேச்சைக் கேட்டு ராத்திரியில் இவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பான். கதை முடிகிற நேரத்தில் அவனுக்கு ஒரு விபத்து நடக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு "என்னை மன்னிச்சிடு" என்பான். இவளும் அழுதுகொண்டே தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். சுபம்.

என் சித்தி மகள் இப்படிப்பட்ட கதைகளைக் குடும்பநல நீதிமன்றத்தில் காத்திருக்கும்போதுதான் படித்தாள். பாரிமுனையில் இறங்கி, மஞ்சள் பையில் கல்யாணப் பத்திரிகையும் போட்டோவும் ஆதார் ஜெராக்ஸும் எடுத்துக்கொண்டு போய் உட்காருவாள். பெயர் கூப்பிடும்வரை கையில் போன். இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதென்றாலும் சட்டம் லேசில் விடாது. ஒரு வருஷமாவது தனித்தனியாக இருந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு மேலும் ஆறு மாதம். சேர்ந்து வாழ வழியே இல்லாத வழக்குகளில் அந்த ஆறு மாதத்தைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. தீர்ப்பு வந்து மேல்முறையீட்டுக் காலமும் முடிந்துவிட்டால் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்திலேயே இருக்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் நம் கதாநாயகிக்கு அந்த உரிமையைக் கொடுக்க நமக்கு ஏன் மனசு வரவில்லை?

தீர்ப்பு கைக்கு வந்த பிறகும் ரேஷன் கார்டில் என் சித்தி மகளின் பெயர் புருஷன் வீட்டோடுதான் இருந்தது. அங்கே நீக்கினால்தான் சித்தப்பா கார்டில் சேர்க்க முடியும். புது வண்ணாரப்பேட்டையில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "வீட்டுக்காரர் எங்கம்மா வேலை பாக்குறார்?" என்பதுதான் முதல் கேள்வி. சொந்தக்காரப் பெண்ணின் வளைகாப்புக்குப் போனாள், யாரும் வராதே என்று சொல்லவில்லை. ஆனால் நலங்கு வைக்க எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இவளை மட்டும் கூப்பிடவில்லை. நேராக உள்ளே போய்ப் பந்திக்கு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். ஒரு நல்ல நாவலாசிரியர் இந்த அடுப்படியில் பத்துப் பக்கமாவது நிற்க வேண்டும் என்பேன்.

இப்போது அவளுக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது. காசிமேட்டில் படகு இன்ஜின் பழுதுபார்க்கிறவர். இவள் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் வந்தது, ஆனால் பண்டிகைக் கூட்டத்தில் யார் உட்காருகிறார்கள்? ஒரு நாள் இரண்டு பேரும் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடப் போயிருக்கிறார்கள். அவர் தட்டு வாங்குவதற்கு முன்னாடி ஒரு ஸ்டூலைத் தேடி எடுத்து வந்து, "முதல்ல உக்காரு, காலையிலேர்ந்து நின்னுட்டிருந்திருப்ப" என்றாராம். அவர் என்ன சம்பாதிக்கிறார், வீடு சொந்தமா என்பதையெல்லாம் சித்திதான் விசாரித்தாள். இவள் என்னிடம் சொன்னது ஸ்டூல் கதையை மட்டும்தான், அதையும் இரண்டு தடவை சொன்னாள்.

எனக்கு இதுதான் காதல். கார் வைத்திருக்கிற கம்பெனி முதலாளி வந்து காப்பாற்றிக்கொண்டு போகிற கதையும் எனக்கு வேண்டாம். அவள் ஏற்கெனவே தன்னைக் காப்பாற்றிக்கொண்டுவிட்டாள். சம்பளம் வாங்குகிறாள், பையனுக்கு ஃபீஸ் கட்டுகிறாள். அந்தப் பையன் இன்னும் அவரை "அங்கிள்" என்றுதான் கூப்பிடுகிறான். என்றைக்காவது வேறு மாதிரி கூப்பிடுவானா, கூப்பிடாமலேயே போனாலும் அந்த வீட்டில் சந்தோஷம் இருக்குமா? இதை அவசரப்படாமல் எழுதினால் எத்தனை பேருக்கு ஆறுதலாக இருக்கும்!

இப்படி எழுதினால் குடும்பங்கள் உடையும் என்கிறார்கள். அடி வாங்கி வெளியே வந்தவளின் குடும்பம் எப்போதோ உடைந்துவிட்டது. கதை செய்யக்கூடியதெல்லாம் அதற்குப் பிறகும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று காட்டுவதுதான். இன்னொரு பக்கம், சந்தோஷமாக முடிகிற கதை இலக்கியம் ஆகாது என்கிறவர்களும் உண்டு. வடசென்னை என்றாலே கத்தி, ரத்தம், கோஷ்டிச் சண்டை என்று சினிமா காட்டிக் காட்டி எங்களுக்குச் சலித்துவிட்டது. தேரடியில் கைகோத்து நடக்கிற நாற்பது வயது ஜோடிகள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சந்தோஷமான முடிவு எழுதினால் இலக்கியத்துக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

சரி, எழுதுகிறவர்கள் யோசியுங்கள். ஏற்கெனவே இப்படி ஒரு நாவல் வந்திருந்தால் படித்தவர்கள் பெயர் சொல்லுங்கள். மறுமணத்துக்கு நாள் குறிப்பதற்குள் என் தங்கைக்கு அதை வாங்கிக் கொடுக்க வேண்டும்.