அட்டைதானே என்று விட்டுவிடாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி தன் முதல் நாவலின் அட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். "எப்படி இருக்குக்கா?" என்று கேட்டிருந்தான். அந்த நாவலை அவன் மூன்று வருடமாக எழுதினான், நான்கு முறை திருத்தினான். அட்டையை மட்டும் ஒரே ராத்திரியில் ஒரு செயலியில் முடித்துவிட்டான். "அட்டைதானேக்கா, உள்ளே இருக்கிறதுதானே முக்கியம்" என்று அடுத்த வரி.

உடனே போன் போட்டு ஒரு மணி நேரம் பேசினேன். சொந்தமாகப் புத்தகம் போடும் எல்லோரிடமும் சொல்ல நினைப்பதுதான் அது. அதனால் இங்கேயும் எழுதுகிறேன்.

என் முதல் சிறுகதைத் தொகுப்பை நானேதான் வெளியிட்டேன். பத்துக் கதைகளில் எட்டு, வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களைப் பற்றியவை. அட்டைக்கு நான் எடுத்து வைத்தது ஒரு சூரிய அஸ்தமனப் படம். கடலோரத்தில் இரண்டு பேர் கருநிழலாக நிற்பார்கள். எனக்கு அது வாழ்வின் மாலைப்பொழுது. பார்ப்பவர்களுக்கு அது காதல் கதை. வாங்கியவர்களில் பாதிப் பேர் காதல் கதை என்று நினைத்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். ஒருவர் இரண்டு நட்சத்திரம் கொடுத்து, "கதைகள் மோசமில்லை, ஆனால் நான் எதிர்பார்த்தது இது இல்லை" என்று எழுதினார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் அட்டையில் ஒன்றைச் சொல்லிவிட்டு உள்ளே வேறொன்றைக் கொடுத்திருக்கிறேன். இன்னொரு பக்கம், அந்தக் கதைகளைத் தேடிப் படித்திருக்கக்கூடியவர்கள் அட்டையைப் பார்த்து, இது நமக்கில்லை என்று போய்விட்டார்கள். அவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியவே வராது.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அழகில்லாத அட்டையால் வரும் நட்டத்தைவிட, தப்பான ஆளை உள்ளே அழைத்து வரும் அட்டையால் வரும் நட்டம் பெரிது. வாங்காதவர் பேசாமல் போய்விடுவார். ஏமாந்தவர் எழுதிவைத்துவிட்டுப் போவார், அது அங்கேயே நிற்கும்.

பதிப்பகம் வழியாக வரும் புத்தகத்துக்குப் பரிந்து பேச நாலு பேர் இருக்கிறார்கள். பதிப்பகத்தின் பெயர், கடைக்காரர், மதிப்புரை எழுதுபவர், ஏற்கெனவே படித்த நண்பர். நாமே போடும் புத்தகத்துக்குத் தொடக்கத்தில் இவர்கள் யாரும் கிடையாது. முகம் தெரியாத ஒருவரிடம் "இது இன்ன மாதிரிப் புத்தகம், உனக்குப் பிடிக்கும்" என்று சொல்ல அட்டை ஒன்றுதான் இருக்கிறது. அதை ஒரே ராத்திரியில் முடித்தால் எப்படி?

சரி, நல்ல அட்டை என்றால் பிரமாதமான ஓவியம் வேண்டும் என்று அர்த்தமில்லை. 1935ல் இங்கிலாந்துப் பதிப்பாளர் ஆலன் லேன், பெங்குவின் என்ற பெயரில் மலிவுப் பதிப்புகளைத் தொடங்கியபோது முன்னட்டையில் படமே கிடையாது. மேலும் கீழும் வண்ணப் பட்டை, நடுவில் வெள்ளையில் தலைப்பும் ஆசிரியர் பெயரும், அவ்வளவுதான். ஆரஞ்சு என்றால் நாவல், பச்சை என்றால் துப்பறியும் கதை, கருநீலம் என்றால் வாழ்க்கை வரலாறு. தூரத்தில் இருந்து பார்க்கும்போதே எந்த வகைப் புத்தகம் என்று தெரிந்துவிடும். படம் இல்லாமலே அட்டை தன் வேலையைச் செய்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட ஐரோப்பாவில் நிறையப் புத்தகங்கள் வெறும் காகித உறையோடு விற்கப்பட்டு, வாங்கியவர்தான் பைண்டரிடம் கொடுத்துக் கட்டிக்கொண்டார். அட்டை விஷயம் சொல்ல ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான்.

தம்பியின் அட்டைக்கு வருகிறேன். கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தபோது குறை சொல்ல முடியாது. கிண்டில் மின்னூலுக்கு அமேசான் பரிந்துரைக்கும் அளவு 2560 பிக்சல் உயரம், 1600 பிக்சல் அகலம். அந்த அளவில் எதை வைத்தாலும் நன்றாகத்தான் தெரியும். ஆனால் வாசகர் அதை அந்த அளவிலா பார்க்கப்போகிறார்? போனில், தேடல் பட்டியலில், பத்து அட்டைகளுக்கு நடுவே, தபால்தலை அளவில் பார்ப்பார். அதே படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி அவனுக்கே திருப்பி அனுப்பி, "தலைப்பைப் படி" என்றேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை.

தலைப்பில் "வெயில்" என்று ஒரு சொல். மெல்லிய எழுத்து, மஞ்சள் நிறம், பின்னால் வைக்கோல் நிற வயல். சிறிதாக்கியதும் ல் மேலிருந்த புள்ளி காணாமல் போய், "வெயில" என்று நின்றது. தமிழ் எழுத்தில் இதை யாரும் அலட்சியம் செய்யக்கூடாது. புள்ளியும் சுழியும் கொக்கியும்தான் நம் எழுத்துக்கு உயிர், மெல்லிய எழுத்துருவில் முதலில் சாவதும் அவைதான். இன்னொன்று, ஸ்டைலுக்காக எழுத்துகளுக்கு இடையே இடைவெளி விடுவது. நம் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தன் எழுத்தை விட்டு விலகிப்போய் அநாதையாக நிற்கும். சில மென்பொருள்களில் "கொ" என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளிவட்டம் என்று வரும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது தப்பு என்றே தெரியாது, நாம்தான் எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். கூகுள் ஃபான்ட்ஸில் மீரா இனிமை, பவனம் போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, அட்டைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

அச்சுப் புத்தகம் என்றால் முதுகையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அலமாரியில் நிற்கும்போது தெரியப்போவது முதுகு மட்டும்தான். என் இரண்டாவது புத்தகத்துக்கு 144 பக்கம் என்று கணக்குப் போட்டு அட்டையை முடித்துவிட்டேன். கடைசியில் முன்னுரையும் இன்னும் இரண்டு கதைகளும் சேர்ந்து 168 ஆனது. முதுகு ஒன்றரை மில்லிமீட்டர் அகலமாகிவிட்டது. ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்றுதான் நானும் நினைத்தேன். மாதிரிப் பிரதி கைக்கு வந்தபோது முதுகில் இருந்த தலைப்பு ஓரமாகத் தள்ளிப்போய், முன்னட்டைப் படத்தின் விளிம்பு முதுகின் மேல் ஏறியிருந்தது. திரையில் மின்னிய மயில்நீலம் வேறு அச்சில் மங்கிப்போயிருந்தது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது, இரண்டும் ஒன்றாக வராது. உள்பக்கங்கள் மொத்தமும் முடிந்து, தாளும் முடிவான பிறகுதான் அச்சு அட்டையை இறுதி செய்ய வேண்டும். ஒரு மாதிரிப் பிரதியைக் கையில் வாங்கிப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்கவே கூடாது.

இணையத்தில் தேடிக் கிடைத்த படத்தை எடுத்துப் போடாதீர்கள். அது இன்னொருவரின் உழைப்பு. உரிமத்தில் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டா என்று படித்துப் பாருங்கள். ஏஐ படம் போடுவதாக இருந்தால், கிண்டிலில் பதிவேற்றும்போது அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது 2023 செப்டம்பரிலிருந்து விதி.

முடிந்தால் அட்டை செய்யத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். கொடுத்த பிறகு அவரைப் பாடுபடுத்தாதீர்கள். கதாநாயகி, ஊஞ்சல், ரயில், மழை, அந்தப் பூனை எல்லாம் அட்டையில் வர வேண்டும் என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுதியவருக்கு எல்லாமே செல்லம்தான், புரிகிறது. ஆனால் இன்னும் படிக்காதவருக்கு அந்தப் பூனை யாரென்று தெரியாது. அதற்குப் பதிலாக, உங்கள் புத்தகத்தை விரும்பிப் படிக்கக்கூடியவர் ஏற்கெனவே வாங்கிப் படித்த ஐந்தாறு புத்தகங்களின் அட்டைகளைக் காட்டுங்கள். யாருக்காக எழுதினீர்கள் என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். வந்த அட்டையை, கதை தெரியாத ஒருவரிடம் காட்டி, "இது என்ன புத்தகம்னு நினைக்கிறே?" என்று கேளுங்கள். நண்பர்கள் "சூப்பர்" என்பார்கள், அதை விட்டுவிடுங்கள்.

தம்பி நேற்று ராத்திரி புது அட்டை அனுப்பினான். வயல் போய்விட்டது. வெள்ளைச் சுவர், அதில் சாய்ந்து விழும் ஒரு ஜன்னலின் நிழல், கனமான கறுப்பு எழுத்தில் தலைப்பு. போனில் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். ல் மேல் புள்ளி இருக்கிறது. பக்க எண்ணிக்கை இன்னும் முடிவாகவில்லை, முதுகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.